நடுவானில் காக்பிட்டில் புகை: சிமுலேட்டரில் பழகுவோருக்கு ஒரு செய்முறை

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியில் கிளம்பிய ஷார்ஜா விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தது நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். அது போயிங் 737 ரகம்; அதில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட வழி கிடையாது, எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். அன்று அது சரியான முடிவு. காக்பிட்டில், அதாவது விமானிகள் அறையில், புகை வந்தால் மட்டும் அப்படிச் சுற்றவே கூடாது, எடை கூடுதலாக இருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் வைத்து 737, ஏ320 ரக விமானங்களை ஓட்டிப் பழகும் டெல்டா பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நிஜ விமானம் என்றால் அதன் செக்லிஸ்ட் (வரிசையாகச் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) சொல்வதே முடிவு.

பயிற்சிக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நாகப்பட்டினத்துக்கு நேர் மேலே 35,000 அடி, மேற்கே போகிறீர்கள், வயர் கருகும் வாடை.

படி 1: மாஸ்க்

வாடை எங்கிருந்து என்று ஆராய்வதெல்லாம் அப்புறம். இருக்கைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து மாஸ்க்கை இழுத்து, சிவப்புப் பிடியை அழுத்தினால் பட்டைகள் காற்றேறி விரியும். தலைவழியாகப் போட்டுப் பிடியை விட்டால் முகத்தோடு இறுகிக்கொள்ளும். ஒரே கையால் 5 விநாடிக்குள் போட முடியவேண்டும் என்பது விதி.

இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். மாஸ்க் 'நார்மல்' நிலையில் இருந்தால் காக்பிட் காற்றும் ஆக்ஸிஜனோடு கலந்து வரும், அதாவது புகையையும் சேர்த்தே இழுப்பீர்கள். 100 சதவீதத்துக்குத் தள்ளுங்கள். 'எமர்ஜென்ஸி' குமிழையும் திருப்பினால் உள்ளிருந்து அழுத்தம் வந்து புகையை வெளியே தள்ளும். பிறகு கண்ணுக்குப் புகைக் கண்ணாடி. 737-இல் மைக் சுவிட்சை மாஸ்க்குக்கு மாற்றாவிட்டால் நீங்கள் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. "கேக்குதா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: யார் ஓட்டுவது

ஒருவர் விமானத்தை மட்டும் பார்க்கட்டும், ஆட்டோபைலட் ஓடட்டும். மற்றவர் ரேடியோவும் செக்லிஸ்டும்.

படி 3: திருச்சியை நோக்கி

செக்லிஸ்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரேடியோவில் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பு மூன்று முறை, ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700, "காக்பிட்டில் புகை, திருச்சியில் இறங்குகிறோம்." அவ்வளவு போதும்.

இப்போது கணக்கு. நாகையிலிருந்து திருச்சி விமான நிலையம் மேற்கே சுமார் 67 கடல் மைல். ஆயிரம் அடிக்கு 3 மைல் என்ற வழக்கமான கணக்கில் 35,000 அடி இறங்க 105 மைல் வேண்டும். ஆகவே ஸ்பீட் பிரேக்கை (இறக்கைமேல் எழும் தடுப்புத் தகடுகள்) இழுத்து உடனே வேகமாக இறங்கத் தொடங்க வேண்டும். காற்று ஒத்துழைத்தால் மேற்கு நோக்கி இறங்கும் '27' எண் ஓடுபாதைக்கு நேரே போய்விடலாம், சுற்ற வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் 111-இல் முதல் வாடை வந்ததிலிருந்து கடலில் விழுந்தது வரை சுமார் 21 நிமிடம். 229 பேர் இறந்தார்கள். ஹாலிஃபாக்ஸுக்கு நேரே போயிருந்தாலும் எட்டியிருக்க முடியாது என்றே கனடா விசாரணை சொன்னது. அவர்களுக்கே அந்த நேரம் பத்தவில்லை என்றால், வட்டமடிக்க நமக்கு நேரம் ஏது?

படி 4: புகையின் மூலம்

வீட்டில் வயர் கருகினால் மெயினை அணைப்போமே, அதுபோல இங்கே எல்லாவற்றையும் அணைத்துவிட முடியாது. செக்லிஸ்ட் வரிசைப்படி காற்றைச் சுழற்றும் விசிறிகள், சமையலறை மின்சாரம் என்று போகும். மூலம் கண்ணுக்குத் தெரிந்து, அணைந்ததும் உறுதி என்றால் சரி. இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், இறங்கிக்கொண்டே தேடுங்கள்.

எல்லாமே தீ அல்ல. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஏசி துவாரத்தில் வெள்ளையாக வருவது வெறும் நீராவிப் பனி, அதற்கு வாடை இருக்காது. தாழப் பறக்கும்போது கீழே வயலில் அறுத்த நெல் தாளைக் கொளுத்தினால் அந்த வாடையும் உள்ளே வரும். ஆனாலும் சந்தேகம் இருக்கும்வரை மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

செல்போன், பவர் பேங்க் புகைந்தால் ஹாலான் என்ற வாயு உள்ள தீயணைப்பான் தீயை அடக்கும், பேட்டரியின் சூட்டை ஆற்றாது. அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும்.

படி 5: புகையை வெளியேற்றுவது

கருவிகளே தெரியாத அளவு புகை என்றால்தான் இது. 10,000 அடிக்கு இறங்கி, விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைக் குறைத்து, வேகத்தைத் தணித்து, கடைசி வழியாகப் பக்க ஜன்னல். 1973-இல் புகை சூழ்ந்த வாரிக் (பிரேசில் நிறுவனம்) விமானமொன்றின் விமானிகள் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தபடியே, பாரிஸின் ஓர்லி நிலையத்துக்குச் சற்று முன்பு வயலில் இறக்கினார்கள்.

பழகுவதற்கு: நீச்சல் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டிக்கொண்டு, சிமுலேட்டரில் வேகமானியையும் உயரமானியையும் மட்டும் படித்து இறக்கிப் பாருங்கள். திரையில் மூக்கை முட்டிக்கொண்டு படிப்பீர்கள்.

படி 6: தரை தொட்ட பிறகு

டெர்மினலுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 1980-இல் ரியாத்தில், உள்ளே தீப்பிடித்த சவுதியா விமானம் ஒன்று பத்திரமாகத்தான் இறங்கியது. உடனே நிற்காமல் ஓடுபாதையை விட்டுத் திரும்பி நின்றது, என்ஜின்கள் அதன் பிறகும் ஓடின. ஒருவரும் வெளியே வரவில்லை, 301 பேர் இறந்தார்கள். ஓடுபாதையிலேயே நிறுத்துங்கள், பார்க்கிங் பிரேக், என்ஜின் அணைப்பு, வெளியேறச் சொல்லும் உத்தரவு. ஓடுபாதை அடைபட்டால் அடைபடட்டும்.