கோழி கிரீம் பாஸ்தா: எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது

சுங்கை சிப்புட், பீடோர் போன்ற மலேசியத் தோட்டப்புற ஊர்களின் மினி மார்க்கெட்டில்கூட இன்று ஸ்பகெட்டி பாக்கெட்டும் குக்கிங் கிரீம் பெட்டியும் கிடைக்கின்றன. பொருளுக்குக் குறையில்லை. ஆனாலும் தட்டுக்கு வரும்போது எண்ணெய் தனியே மிதக்கிறது, இல்லாவிட்டால் ஆறியதும் எல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிடுகிறது. உடனே கிரீம் போதவில்லை என்று நினைத்து, அடுத்த முறை இன்னொரு பெட்டியைச் சேர்த்து ஊற்றுகிறோம். அது வீண் செலவு. வழுவழுப்பைத் தருவது பாஸ்தா வெந்த தண்ணீரும் அடங்கிய தீயும்தான்.

நான்கு பேருக்கு 400 கிராம் பாஸ்தா, எலும்பில்லாத தொடைக்கறி 500 கிராம், குக்கிங் கிரீம் 250 மில்லி, பூண்டு 6 பல், ஒரு பெரிய வெங்காயம், 2 மேசைக்கரண்டி வெண்ணெய், துருவிய சீஸ் 60 கிராம், மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி போதும்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. கேக் சாமான் கடையில் விற்கும் விப்பிங் கிரீமில் பல வகை, செம்பனைப் பருப்பு எண்ணெயில் செய்து சர்க்கரை சேர்த்தவை. அதை ஊற்றினால் எவ்வளவு உப்பு போட்டாலும் இனிப்பு போகாது. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், சர்க்கரை இருந்தால் வைத்துவிடுங்கள். கிரீம் கிடைக்காவிட்டால் டின்னில் வரும் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் பால் கைகொடுக்கும். அதில் ‘கிரீமர்’ என்று இருந்தால் பால் கொழுப்புக்குப் பதிலாக செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சமையலுக்குக் கெடுதல் இல்லை, வாசம்தான் குறையும். வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாஸ்தாவுக்கு 4 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி உப்பு. சிறிய சட்டியில் அடைத்து வேகவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டாமல் இருக்க எண்ணெய் விடுவதால் பயனில்லை. அது மேலே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து, கிரீமைப் பிடிக்க விடாது. போட்டதும் முதல் இரண்டு நிமிடம் கிளறினாலே போதும். பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் எடுங்கள். மீதி வேக்காடு கிரீமில் நடக்க வேண்டும். வடிக்கும் முன் இரண்டு குவளைத் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். அதிலுள்ள மாவுச்சத்துதான் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. வடித்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்த மாவு முழுவதும் போய்விடும்.

கோழியில் நடக்கும் தவறுக்குக் காரணம் ஈரம். பசாரில் வாங்கிக் கழுவிய கறியை அப்படியே குவாலியில் (வாணலியில்) கொட்டினால், ஒரே நிமிடத்தில் அடியில் வெண்ணிறத் தண்ணீர் ஊறி நிற்கும். அதற்குப் பிறகு கறி வேகுமே தவிர சிவக்காது. டிஷ்யூவால் ஒற்றி, உப்பு மிளகு தடவி, நல்ல சூட்டில் இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு பக்கம் சிவக்கும்வரை புரட்ட வேண்டாம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் வெந்துவிட்டது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. நெஞ்சுக்கறி என்றால் இந்த இடத்தில் கவனம் அதிகம் வேண்டும், சற்றுக் கூடினாலும் சக்கையாகிவிடும். வெந்த கறியை வெளியே எடுத்து வையுங்கள். கிரீமோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது தேவையில்லாத வேலை.

அதே குவாலியில் வெண்ணெய், வெங்காயம், பூண்டு. பூண்டு கருகினால் கசப்பு கடைசிவரை இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைத் தேய்த்துக் கழுவிவிடாமல், எடுத்து வைத்த தண்ணீரில் அரைக் குவளை ஊற்றிச் சுரண்டுங்கள். மொத்தச் சுவையும் அதில்தான் இருக்கிறது. காரம் வேண்டுமென்றால் சிலி பாடி என்ற காரமான சிறு மிளகாயோ மிளகாய்த்தூளோ இப்போதே எண்ணெயில் வதங்கட்டும். கிரீமுக்குப் பிறகு தூவினால் பச்சை வாடை அடிக்கும்.

இனி தீயைக் குறைத்துக் கிரீமை ஊற்றுங்கள். ஓரத்தில் சிறு குமிழி வந்தால் போதும், தளதளவென்று கொதித்தால் திரியலாம். பாஸ்தாவையும் கோழியையும் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகே சீஸ். கொதிக்கும்போது போட்ட சீஸ், புரதம் இறுகி நூல் நூலாகத் திரண்டுவிடும். கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் அணைத்த பிறகுதான். உப்பைக் கடைசியில் பாருங்கள், சீஸும் பாஸ்தா தண்ணீரும் ஏற்கெனவே உப்பானவை.

இறக்கும்போது கொஞ்சம் தண்ணியாகத் தெரிய வேண்டும். சரியான பதத்தில் இறக்கினால் மேசைக்குப் போவதற்குள் கெட்டியாகிவிடும், பாஸ்தா உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இறுகிவிட்டால் மீதித் தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுப் புரட்டுங்கள், இளகிவிடும்.

மிஞ்சியதை நம் ஊர் வெக்கையில் இரவெல்லாம் மேசைமேல் மூடி வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். மறுநாள் சூடாக்கும்போது நான்கு கரண்டி பால் ஊற்றி, சிறு தீயில் கிளறி, கோழித் துண்டின் உள்ளும் ஆவி பறக்கச் சூடானதும் பரிமாறுங்கள்.