தூங்கிப்போன டிரான்ஸ்மிட் கியூ: என் அனுபவம்

நான் எழுதிய ஈதர்நெட் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள்) சாதாரணமாக நன்றாகவே ஓடும். லோடு ஏறினால் மட்டும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாக்கெட் எதுவும் வெளியே போகாது. அப்புறம் லினக்ஸ் கர்னல் லாகில் 'டிரான்ஸ்மிட் கியூ டைம்டு அவுட்' என்று எச்சரிக்கை வரும். அதாவது, வெளியே போகவேண்டிய பாக்கெட்டுகளின் வரிசை (கியூ) நெடுநேரமாக நின்றுகிடக்கிறது. கேபிள், ஃபர்ம்வேர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை.

கோளாறு இரண்டே வரிகளுக்கு நடுவில் இருந்தது. ஒரு சிபியூ, ரிங்கில் (அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை கார்டுக்குக் காட்டும் வட்டப் பட்டியல்) இடமில்லை என்று பார்த்துவிட்டு கியூவை நிறுத்தப் போகிறது. அதற்குள் இன்னொரு சிபியூ, அனுப்பி முடித்த டிஸ்கிரிப்டர்கள் (ரிங்கில் உள்ள பதிவுகள்) அத்தனையையும் விடுவித்துவிடுகிறது. கியூ இன்னும் நிற்கவில்லையே என்று எழுப்பாமலே போய்விடுகிறது. முதல் சிபியூ அதற்குப் பிறகுதான் நிறுத்துகிறது. ரிங் முழுக்கக் காலி, ஆனால் கியூவை எழுப்ப ஆளில்லை!

சரி, தீர்வு என்ன? கியூவை நிறுத்தியதும் ஒரு மெமரி பேரியர் (நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை), உடனே இடம் இருக்கிறதா என்று மறுபடி ஒரு பார்வை. இருந்தால் அங்கேயே எழுப்பிவிட வேண்டும். விடுவிக்கும் பக்கத்திலும் பேரியர் கட்டாயம் வேண்டும். முதலில் அதை விட்டுவிட்டேன். கோளாறு அரிதானதே தவிர தீரவில்லை.

கூடவே, ஒரு பாக்கெட்டுக்கு இடம் கிடைத்ததுமே எழுப்பாமல், ரிங்கில் கால் பங்கு காலியான பிறகு எழுப்பும்படி மாற்றினேன். கியூ நின்று நின்று கிளம்புவது வெகுவாகக் குறைந்தது.