கம்பளி நூலில் இயற்கைத் தேர்வு: வகுப்பில் சரிசெய்தவை

பல நிறத் துண்டுகளைத் துணியில் தூவி, பிள்ளைகள் 'பறவைகளாகி' இரை பொறுக்கும் விளையாட்டு இது; துணியோடு ஒத்துப்போகும் நிறம் தப்பிப் பெருகும், அதுதான் இயற்கைத் தேர்வு. ராயபுரம், காசிமேடு பக்கத்து வகுப்பறைகளில் இதற்குக் காகிதப் பொட்டு சரிவராது. ஃபேனை நிறுத்தினாலும் கடற்காற்று விடாது. பயறு வைத்தால் வேறு தொல்லை: தட்டைப்பயறு பெரிது, கைக்கு முதலில் அதுதான் சிக்கும். நிறத்தைச் சோதிக்கப் போய் அளவைச் சோதித்து முடிப்போம். 2 செ.மீ. கம்பளி நூல் துண்டுகளுக்கு மாறியதும் இரண்டும் தீர்ந்தன.

நான்கு நிறம், நிறத்துக்கு 25. கையிருப்பாக நிறத்துக்கு 100 வெட்டி வையுங்கள். கீழே 1 மீட்டர் பூப்போட்ட துணி (எம்.சி. ரோட்டில் பிட்டுத் துணி போதும்), ஒற்றை நிறம் என்றால் விடை பார்த்தவுடனே தெரிந்துவிடும். 'பறவைகள்' 75ஐப் பொறுக்கியதும் நிறுத்தணும். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் 3 குட்டி, மறுபடி 100. மூன்று தலைமுறை போதும்.

ஒளிந்திருப்பதைத் தேடி எடுப்பதுதான் வீரம் என்று பிள்ளைகள் நினைத்தால் நிறங்களின் விகிதம் அசையாது. அதைத் தவிர்க்க, ஒன்றை எடுத்து டம்ளரில் போட்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று திரும்பிய பிறகே அடுத்தது.

"நூல் கலர் மாறிக்கிச்சு சார்" என்பார்கள். உடனே துணியை மாற்றுங்கள். அழிந்த நிறம் புதுத் துணிக்குப் பொருந்தினாலும் திரும்பி வராது. இருப்பதிலிருந்துதான் தேர்வு என்பது அங்கேதான் பிடிபடும். சடுதிமாற்றம் (மரபணுவில் திடீரென வரும் மாற்றம்) பற்றிக் கேட்டால், குட்டிகளில் ஒன்றை மட்டும் வேறு நிறமாக்கிப் போட்டுவிடலாம்.