மனநல வார்டில் குழு சிகிச்சை: சறுக்கும் இடங்கள்

வார்டில் குழு சிகிச்சை சொதப்புவது பெரும்பாலும் ஆள் சேர்க்கும்போதே தொடங்கிவிடுகிறது. பதினொரு மணிக்குக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் கூட்டிப்போய் ஹாலில் உட்கார வைத்துவிட்டு, நர்ஸுகளான நாம் 'குரூப் எடுத்தாச்சு' என்று எழுதிவிடுகிறோம். கடுமையான மேனியாவில் (அளவுமீறிய உற்சாகமும் ஓயாத பேச்சுமான நிலை) இருப்பவர் முழு நேரத்தையும் ஒரே ஆளாகப் பேசித் தீர்த்துவிடுவார். குடி நிறுத்தியதால் நடுக்கமும் குழப்பமுமாக இருப்பவருக்கும், அன்று காலை ஈசிடி (மின் அதிர்வுச் சிகிச்சை) எடுத்தவருக்கும் எதுவும் மனதில் பதியாது. சந்தேகம் உச்சத்தில் இருப்பவருக்கோ, எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதே மிரட்டலாகத் தெரியும். ஒரு வாரம் கழித்து இதே ஆட்கள் நன்றாகப் பொருந்தலாம். அதனால் பெயரை அடித்துவிடாமல் தள்ளி வையுங்கள்.

பேச்சுக் குழுவுக்கு ஏழெட்டுப் பேர் சரியான அளவு. ஐந்துக்குக் கீழே போனால் அது தனித்தனி விசாரிப்பாக மாறிவிடும். பத்தைத் தாண்டினால் பேசாதவர்கள் வசதியாக ஒளிந்துகொள்வார்கள். உள்நோயாளிகளுக்கு 45 நிமிடமே தாராளம். வெளிநோயாளிகள் 60 முதல் 90 நிமிடம்வரை தாங்குவார்கள். டிவி, சாப்பாடு, பாத்ரூம் சண்டை பற்றி வார்டே கூடிப் பேசும் காலைக் கூட்டம் வேறு. அதில் ஊழியர்கள் உட்பட எல்லாரும் உட்காரலாம். 1940களில் இங்கிலாந்தில் மேக்ஸ்வெல் ஜோன்ஸ், டாம் மெயின் போன்ற மனநல மருத்துவர்கள் வளர்த்தெடுத்த, வார்டு வாழ்க்கையையே சிகிச்சையாக்கும் சிகிச்சைச் சமூகம் என்ற முறையில் இந்தக் கூட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது இன்னொருவர் சாம்பாரில் உப்பில்லை என்பார்.

நாற்காலிகள் ஒரே உயரத்தில், வட்டமாக இருக்கட்டும். நர்ஸுக்கு மட்டும் மேஜை வேண்டாம். நடத்துபவரும் துணை நர்ஸும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது அடிக்கடி நடக்கும் தவறு. எதிரெதிரே இருந்தால்தான் ஒருவர் கவனிக்காத முகத்தை மற்றவர் பார்க்க முடியும், கண்ணாலேயே பேசிக்கொள்ளவும் முடியும். ரவுண்ட்ஸ் நேரம், பார்வையாளர் நேரம், மாத்திரை கொடுத்துக் கண் செருகும் நேரம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பவரை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைப் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, அளவைக் கூட்டியிருந்தாலோ அது அகதீசியாவாக, அதாவது மருந்தின் பக்கவிளைவாக வரும் அமைதியின்மையாக, இருக்கலாம். அந்த அமைதியின்மையை அவரால் அடக்க முடியாது. நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே கலந்துகொள்ளச் சொல்லிவிட்டு, டாக்டருக்கு அன்றே தெரிவியுங்கள். தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். மருந்தால் வாய் உலர்ந்தவரையும் மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவரையும் 'முடிஞ்சதும் குடிங்க' என்று தடுக்கக் கூடாது.

'இங்க பேசுறது வெளியே போகாது' என்று மொத்தமாக வாக்குக் கொடுப்பது ஆபத்து. தற்கொலை எண்ணமோ, யாருக்காவது தீங்கு செய்யும் எண்ணமோ வெளிப்பட்டால் சிகிச்சைக் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, நம் வாய். ஒருவர், 'சிஸ்டர், ராத்திரி தூக்கமே வரல' என்கிறார். 'டாக்டர்கிட்ட சொல்றேன்' என்று பதில் வருகிறது. பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்தவரும் நர்ஸைப் பார்த்துத்தான் பேசுவார். 'இங்க வேற யாருக்கு இப்படி இருக்கு? அப்ப என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எதிர் நாற்காலியில் இருப்பவர், 'எனக்கும்தாண்ணே, மூணு மணிக்கு முழிப்பு வந்துரும்' என்பார். நமக்கு மட்டும் இப்படி இல்லை என்ற உணர்வு, குழு சிகிச்சையில் குணமாக்குபவை என்று அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலம் பட்டியலிட்ட 11 சிகிச்சைக் காரணிகளில் ஒன்று. அதை எந்த நர்ஸாலும் தன் வாயால் கொடுத்துவிட முடியாது. மருந்துச் சந்தேகத்தைக் குறித்துக்கொண்டு பிறகு டாக்டரிடம் போங்கள், அவசரமில்லை. மௌனத்தையும் உடனே நிரப்ப வேண்டாம். அரை நிமிடம் பொறுக்கலாம். ஆனால் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) உள்ளவர்கள் அதிகமுள்ள குழுவில் நீண்ட மௌனம் பதற்றத்தைக் கூட்டும். அங்கே நீங்களே நேரடியான, சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். மாயநம்பிக்கையோடு (எவ்வளவு சொன்னாலும் மாறாத பொய்யான நம்பிக்கை) வாதாடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அதற்கு அடியிலிருக்கும் பயத்தைப் பற்றிப் பேச விடுங்கள்.

காலையில் குழுவில் கிடைத்ததை மாலையில் வார்டு கெடுத்துவிடுவதும் உண்டு. 'என்ன, மீட்டிங்ல ஒரே அழுகையாமே?' என்று அட்டெண்டர் ஒரு கிண்டல் செய்தால் போதும், அந்த ஆள் அப்புறம் வாயே திறக்க மாட்டார். ஒரு சிஸ்டர் டிவியை ஒன்பதுக்கு அணைக்க, இன்னொருவர் பத்துவரை விட்டால், விதி பலவீனமாகி நோயாளிகள் ஷிப்டுக்கு ஷிப்டு பேரம் பேசக் கற்றுக்கொள்வார்கள். விதிகள் குறைவாக இருக்கட்டும். இருப்பவை மூன்று ஷிப்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

வார்டைப் பெருக்க வைத்துவிட்டு அதைத் தொழில்வழிச் சிகிச்சை என்பது வெறும் ஏமாற்று. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 20-ன்படி யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் உரிய கூலி உண்டு. கட்டாய மொட்டைக்கும் தடை இருக்கிறது. விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம். குழுவில் கத்தியவரைத் தனியறையில் அடைப்பதையும் பிரிவு 97 தடுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு உடல்ரீதியாகக் கட்டுப்படுத்தலாம். தண்டனைக்காகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கூடாது.

கைவினைக் குழு என்றால் கத்தரிக்கோல், ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். கணக்கு சரியாகும்வரை யாரும் ஹாலை விட்டுப் போக வேண்டாம்.

பதிவேட்டில் 'கலந்துகொண்டார், ஒத்துழைத்தார்' என்று எழுதுவதால் அடுத்த ஷிப்டுக்கு ஒரு பயனும் இல்லை. 'முதல் 20 நிமிடம் பேசவில்லை. வீடு பற்றிய பேச்சு வந்ததும் அழுதார். இருந்து என்ன பயன் என்றார். தனியாகப் பேசினேன், டாக்டரிடம் தெரிவித்தேன்' என்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள். இப்படிச் சொன்னவரிடம், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அதே ஷிப்டிலேயே நேரடியாகக் கேட்க வேண்டும். எழுதியதோடு விடாமல், நைட் ட்யூட்டி சிஸ்டரிடம் வாயாலும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.