மெக்சிகோவில் மலை உச்சி விடுதி: பணம் கட்டுமுன் பாதையைப் பாருங்கள்

கும்பகோணத்தில் நான் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறேன். இப்போது ஒரு வகை அழைப்பு அடிக்கடி வருகிறது. பையனோ பெண்ணோ டெக்சாஸில் வேலையில் இருப்பார்கள். திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்திருக்கும். பெற்றோர் அமெரிக்கா வரும்போது மெக்சிகோவில் நாலு நாள் தங்க வைக்க ஆசை. மலை உச்சி, கீழே பசிபிக் கடல், பக்கத்தில் வேறு கட்டடமே இல்லாத சொகுசு விடுதி. "அண்ணே, படம் பார்த்தீங்களா? போட்டுடலாமா?" என்பார்கள்.

அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். காலமெல்லாம் வயலும் வீடுமாக இருந்தவர்களுக்கு அப்படி ஓர் இடத்தைக் காட்ட நினைப்பது நல்ல மனசு. ஆனால் நான் முதலில் கேட்பது விடுதியிலிருந்து கீழே ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான். ஒதுங்கிய விடுதியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்தத் தூரத்தைத்தான். மாத்திரை, இன்னொரு சாப்பாட்டுக் கடை, கடற்கரை, டாக்டர் எல்லாமே அந்தத் தூரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

அதனால் அறைப் படங்களை மூடிவிட்டு வரைபடத்தைத் திறங்கள். செயற்கைக்கோள் படத்தில் விமான நிலையத்திலிருந்து விடுதி வரை பாதையை விரலால் தொடர்ந்து பாருங்கள். தார் எங்கே முடிகிறது, மண் பாதை எங்கே தொடங்குகிறது, எத்தனை கொண்டை ஊசி வளைவு என்பதெல்லாம் தெரியும். விடுதிக்கு எழுதி, கடைசிப் பகுதி தார்ச் சாலையா, மழையில் சாதாரணக் கார் ஏறுமா, இருட்டிய பிறகு வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள். மெக்சிகோவில் ராத்திரியில் மலைப்பாதையில் சொந்தமாக ஓட்டிப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அறிவிப்பே இல்லாத வேகத்தடைகள் வரும், சாலையில் மாடு நிற்கும். மதியத்துக்குள் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுங்கள். கட்டணச் சாலை, இலவசச் சாலை என்று இரண்டு இருந்தால் கட்டணச் சாலையில் போங்கள். வழியில் வண்டி நின்றால் 078 என்ற எண்ணில் 'பச்சைத் தேவதைகள்' என்ற அரசு உதவி வண்டியைக் கூப்பிடலாம். அவசரத்துக்கு 911.

பாதுகாப்பை நாடு முழுவதற்கும் ஒன்றாக எடை போடாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை மெக்சிகோவுக்கு மாநிலவாரியாக நான்கு நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. விடுதி இருக்கும் மாநிலத்தை மட்டும் பார்த்தால் போதாது, சாலை கடந்து வரும் மாநிலத்தையும் பாருங்கள்.

அடுத்தது உயரம். நம் டெல்டா தட்டை நிலம். சுவாமிமலையே கட்டுமலைதான். கடலோரக் குன்று என்றால் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான், மூச்சு வாங்காது, படிதான் பிரச்சினை. உள்நாட்டு மலை வேறு. மெக்சிகோ நகரம் சுமார் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். சான் மிகேல் தே அயெந்தே ஏறத்தாழ 1,900, வாஹாகா ஏறத்தாழ 1,550, அதாவது ஏற்காட்டைவிடச் சற்று அதிகம். அப்பாவுக்கு இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் 2,000 மீட்டருக்கு மேல் போகுமுன் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

படிக்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. சுவாமிமலையின் 60 படியை அம்மா நடுவில் உட்காராமல் ஏறி இறங்குகிறார்களா என்று பாருங்கள். முடியாது என்றால், அறையிலிருந்து உணவகத்துக்கு எத்தனை படி, பேட்டரி வண்டி கேட்டவுடன் வருமா, சமதளத்தில் அறை கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சரிவில் கட்டிய விடுதிகளில் நல்ல காட்சி தெரியும் அறைகள்தான் பெரும்பாலும் அதிகப் படி உள்ளவை.

சாப்பாட்டில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் மலை மேல் ஒரே ஒரு சமையலறைதான். ஊரில் என்றால் பிடிக்காவிட்டால் அடுத்த கடை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு மெக்சிகோவில் இரண்டு மறைவான சங்கடம். மசித்து வதக்கிய பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் வழக்கம். தட்டைப் பார்த்தால் இரண்டுமே சைவமாகத்தான் தெரியும். "சின் கார்னே, சின் போயோ, சின் மன்தேகா" (கறி வேண்டாம், கோழி வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம்) என்று முன்பதிவு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். கோழிச் சாறும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். மற்றபடி நம்மவர்களுக்கு அந்த நாடு அந்நியமே இல்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்துத் தட்டும் தோர்தியா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சை, புளித் தண்ணீரில் சர்க்கரை போட்ட குளிர்பானம், எல்லாம் உண்டு. நம் மிளகாயும் சப்போட்டாவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். காபியும் சியாபாஸ், வெராகுருஸ் மலைகளில் விளைகிறது. டிகாஷன் கெட்டியாக, சூடான பால் தனியாக என்று கேட்டால் அப்பா முகம் தெளியும். குழாய்த் தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டாம்.

காசைப் பற்றி. பெசோவுக்கும் டாலருக்கும் அங்கே ஒரே குறிதான், எந்த நாணயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் காட்டும் அறை வாடகையில் வரி சேர்ந்திருக்காமல் இருக்கலாம். 16 சதவீத மதிப்புக் கூட்டு வரி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் தங்கும் வரி, சில இடங்களில் சேவைக் கட்டணம். ஓர் இரவு 600 டாலர் என்றால், தங்கும் வரி 4, சேவை 10 சதவீதம் என்று வைத்தாலே 780 ஆகிவிடும். அதற்கு மேல் விமான நிலைய வண்டி, சாப்பாடு, 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ். இன்னொன்று, மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து, விடுதிக்குச் சொந்தமில்லை. உச்சியிலிருந்து கடற்கரைக்கு வண்டி இலவசமா, ஒரு நாளில் எத்தனை முறை என்று கேளுங்கள்.

எந்த மாதம் என்பதில் நம் டெல்டாக்காரர்களுக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் வீட்டை விட்டு நகர முடியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை வந்துவிடும். மெக்சிகோவின் பெரும்பகுதியில் மழை ஜூனிலிருந்து அக்டோபர் வரை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் வறண்ட மாதங்கள். பசிபிக் பக்கம் மே நடுவிலிருந்து நவம்பர் வரை புயல் காலம், அப்போது பணம் திரும்பாத முன்பதிவு வேண்டவே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், மெக்சிகோ மக்களே விடுமுறைக்குக் கிளம்பும் வாரம் அது. பசிபிக் கரையில் இருக்கும் பாந்தெராஸ் வளைகுடாவைப் பார்த்த விடுதி என்றால் மார்ச்சுக்குள் போங்கள், டிசம்பரிலிருந்து அதுவரை திமிங்கிலம் பார்க்கலாம்.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைய அது பலமுறை நுழைவு விசாவாக இருக்கிறதா என்று பாருங்கள். சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் எடுத்துவிடுங்கள், மெக்சிகோவில் அது தடை. பசிபிக் பக்க மலைகளில் தேள் உண்டு, காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், எத்தனை இரவு என்பது. விடிந்ததும் டீக்கடை, பேப்பர், நாலு பேரிடம் பேச்சு என்று பழகிய அப்பாவுக்கு, மொழி தெரியாத இடத்தில் மூன்றாவது நாளே பொழுது போகாது. அம்மாவுக்கு அது பல வருஷத்தில் கிடைத்த முதல் ஓய்வாக இருக்கும். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாகக் கேட்டால் "உங்க இஷ்டம்ப்பா" என்றுதான் பதில் வரும். நான் பொதுவாகப் போடும் கணக்கு இதுதான்: மலையில் இரண்டு இரவு, கீழே சந்தையும் சதுக்கமும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஊரில் இரண்டு இரவு. முதலில் ஊர், பிறகு மலை. அந்த மலை விடுதியை மட்டும் ரத்து செய்யக்கூடியதாக எடுத்து வையுங்கள், மலைப்பாதையைப் பற்றிய பதில் திருப்தியாக வராவிட்டால் நாலு இரவையும் ஊரிலேயே நீட்டிக்கொள்ளலாம்.