வீட்டு மரப்பட்டறையில் தூளையும் தூசியையும் பிடிப்பதற்கான அமைப்பு

ரம்பத்தின் அடியில் குவிந்து கிடக்கும் மரத்தூளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம். அதனால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருவது, மெஷினை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிதான். சில மைக்ரான் அளவே உள்ள இத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுப்பில், மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்தது. மூக்கின் உட்பகுதியிலும் சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோயே அங்கு முதன்மையாகச் சொல்லப்பட்டது. ஆகவே, தரை சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து ஓர் அமைப்பை மதிப்பிடக் கூடாது.

கார் ஷெட்டிலோ மொட்டை மாடிக் கொட்டகையிலோ இயங்கும் பட்டறைக்கு இரண்டு வகை உறிஞ்சிகள் கிடைக்கின்றன. ஈரம், உலர்வு இரண்டையும் உறிஞ்சும் வேக்யூம் கிளீனர் இழுவிசை மிகுந்தது. ஆனால் அது நகர்த்தும் காற்றின் அளவு குறைவு. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர், பள்ளம் செதுக்கும் ரவுட்டர், கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் போன்ற, குறுகிய குழாய் பொருந்தும் கருவிகளுக்கு அது போதும். பெரிய விசிறியும் துணிப்பையும் கொண்ட டஸ்ட் கலெக்டர் இதற்கு நேர்மாறு: இழுவிசை குறைவு, காற்றின் அளவு அதிகம். இழைப்பு மெஷின் கக்கும் சீவலுக்கு இதுவே வேண்டும். 4 அங்குலக் குழாயில் சீவல் தேங்காமல் ஓட வேண்டுமானால் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 கன அடி. வேக்யூம் கிளீனரை 4 அங்குலக் குழாயில் மாட்டினால் இந்த வேகம் கிடைக்காது, குழாய் வழியிலேயே அடைத்துக்கொள்ளும். இழைப்பு மெஷின் இல்லாதவர் வேக்யூமிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. கீழே சொல்வதும் அதற்கான அமைப்பே.

வேக்யூமுக்குள் தூள் நேராகப் போனால் வடிகட்டி சில நிமிடங்களில் அடைபட்டு இழுவை விழுந்துவிடும். எனவே இடையில் ஒரு பிரிப்பான் தேவை. வளையப் பூட்டு மூடியுள்ள, 50 அல்லது 60 லிட்டர் கொள்ளும் தடித்த நீல டிரம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். நான் முதலில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் செய்து பார்த்தேன். ஹோஸ் ஒருமுறை அடைத்தபோது உள்ளிழுவையில் வாளி காகிதக் குவளைபோல நசுங்கிவிட்டது.

மூடியின் விளிம்பை ஒட்டி 50 மி.மீ. பிவிசி எல்போ ஒன்றைப் பொருத்தி, உள்ளே வரும் காற்று டிரம்மின் சுவரைத் தழுவிச் சுழலும்படி அதன் வாயைத் திருப்புங்கள். வெளியேறும் குழாய் மூடியின் நடுவில் வர வேண்டும். மூடிக்குக் கீழே 60 முதல் 65 மி.மீ. இடைவெளி விட்டு, டிரம்மின் உள்விட்டத்துக்குச் சரியான 12 மி.மீ. ப்ளைவுட் வட்டத்தை மூன்று மரையாணிக் கம்பிகளில் தொங்கவிட வேண்டும். மர வேலைக்காரர்கள் தீன் (Thien) தட்டு என்று சொல்வது இதைத்தான். வட்டத்தின் விளிம்பில் 240 பாகை தூரத்துக்கு 28 மி.மீ. அகலம் வெட்டி எடுத்துவிட்டால், சுவருக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பிளவு உண்டாகும். சுழலும் தூள் சுவரோரம் ஒதுங்கி இந்தப் பிளவு வழியே கீழே விழ, காற்று மட்டும் நடுக்குழாயில் ஏறிப் போகும். வெட்டப்படாத 120 பாகைப் பகுதி எல்போவின் வாய்க்கு நேர் கீழே இருக்கட்டும். இல்லையெனில் உள்ளே பாயும் காற்று விழுந்த தூளையே கிளறிவிடும். நடுக்குழாய் சற்றுக் கீழே நீண்டிருக்கலாம், ஆனால் அதன் வாய்க்கும் தட்டுக்கும் இடையே குழாய் விட்டத்தில் பாதியாவது இடைவெளி வேண்டும்.

துளைகளைச் சுற்றிச் சிலிகான் பூசி, மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்று ஒழுகும் டிரம் தூளைப் பிரிக்காது. முதல் நாள், டிரம்மில் தூள் ஏதும் இல்லாதபோதே, வேக்யூமை ஓடவிட்டு ஊதுபத்தியை இணைப்புகளின் அருகே கொண்டுபோனால், புகை எங்கே உள்ளிழுக்கப்படுகிறதோ அங்கே ஒழுக்கு இருப்பது தெரிந்துவிடும்.

பட்டறை முழுவதும் குழாய் ஓட்டும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, சக்கரப் பலகையில் டிரம்மும் வேக்யூமும், கருவிக்குக் கருவி மாற்றி மாட்ட ஒரே ஹோஸும் போதும். ஹோஸின் நெளிவுகள் காற்றைத் தடுப்பதால் அது எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குழாய் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை வளைவுகளைச் சேர்த்துப் போடுங்கள்.

மேசை ரம்பத்தில் அடிப்பெட்டியை அடைத்து ஒரு வாய் வைத்தாலும், ரம்பப் பல் மேலே வீசும் தூசி தப்பிவிடும். ஆகவே மேல்மூடியிலும் ஓர் இணைப்பு தேவை. வெட்டுக்கோணம் மாற்றும் மைட்டர் ரம்பம் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. அதன் பின்னால் அகன்ற கூண்டு ஒன்று கட்டினாலும் பாதிக்கு மேல் பிடிபடுவது அரிது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வெட்டும்போதும் தேக்கு, ஈட்டி போன்றவற்றை உப்புத்தாள் போடும்போதும் என்95 முகக்கவசம் அணிந்தே இருங்கள். வேலை முடிந்ததும் உடனே கழற்றிவிடாதீர்கள்.

குளிர்நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட மனமின்றி வடிகட்டிக்கு மேல் வடிகட்டி வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. வேக்யூமின் வெளியேற்று வாயில் ஒரு குழாய் மாட்டிச் சுவருக்கு வெளியே விட்டுவிட்டால், வடிகட்டியில் தப்பிய நுண்தூசி அறைக்குத் திரும்பாது. பக்கத்து வீட்டுத் துணிக்கொடி அருகில் இருந்தால் மட்டும், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் சீலிங் ஃபேனை நிறுத்தி, எதிர்ச் சன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். சீலிங் ஃபேன் படிந்த தூசியையும் எழுப்பிவிடும்.

1,400 வாட் ரம்பமும் 1,200 வாட் வேக்யூமும் சேர்ந்து ஓடும்போது 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் இதைத் தாங்கா. 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே மாட்டுங்கள். பிளாஸ்டிக் குழாயில் தூள் உரசி நிலைமின்சாரம் சேர்ந்து கையில் சுரீரென்று அடித்தால், குழாயின் மேல் வெற்றுச் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் இணைக்கலாம். மின்னதிர்ச்சியை விட அஞ்ச வேண்டியது தீயை: ஆணியில் ரம்பம் பட்டுத் தெறித்த பொறி டிரம்முக்குள் போய்க் கனன்றுகொண்டிருக்கக்கூடும். பழைய கதவு, நிலைச் சட்டங்களை வெட்டும் முன் ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த தூளை உள்ளே இழுக்காதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தூள் தட்டின் உயரத்தை எட்டினால் பிரிப்பு நின்றுவிடும் என்பதால், டிரம் முக்கால்வாசி நிரம்பும்போதே காலி செய்யுங்கள். அன்று எவ்வளவு சேர்ந்திருந்தாலும் அதை இரவு வீட்டை ஒட்டி வைக்காமல் வெளியே கொட்டிவிடுங்கள்.