மலையில் கோடைக் காய்கறி: தக்காளி நாற்று விடுவது எப்படி?

சமவெளியில் தக்காளி விதையைத் தூவி விட்டாலே முளைத்துவிடும். ஊட்டியில் மார்ச் மாதம் அப்படித் தூவினால் விதை சும்மா கிடக்கும். பகல் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ராத்திரியில் மண் சில்லிட்டுப் போகிறதே! தக்காளி, மிளகாய் விதைக்கு 20 முதல் 30 டிகிரி வரை மண்சூடு வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே முளைப்பை மறந்துவிடலாம். அதனால் இந்த இரண்டையும் வீட்டுக்குள்தான் நாற்று விட வேண்டும்.

1. ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவோடு மண்புழு உரத்தைக் கலந்து குழித்தட்டில் நிரப்புங்கள். பேப்பர் கப்பிலும் செய்யலாம்தான், ஆனால் என் ஓட்டு குழித்தட்டுக்கே. வேர் கலையாமல் நாற்று கையோடு வரும், கழுவி வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

2. குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். ஈரத்துணி போர்த்தி ஃபிரிட்ஜ் மேலேயோ, விறகு பாய்லர் இருக்கும் வீட்டில் அதன் பக்கத்திலோ வையுங்கள்.

3. இங்கேதான் பலருக்கும் சறுக்கும். வளைந்த வெள்ளைத் தண்டு ஒன்று மண்ணுக்கு மேலே தெரிந்ததுமே துணியை எடுத்துவிட்டு, தட்டை வெளிச்சமான ஜன்னலுக்கு மாற்றுங்கள். மீதியும் முளைக்கட்டும் என்று காத்திருந்தால் முளைத்தவை வெளுத்து நெட்டையாகிவிடும். தண்ணீரைக் காலையில் மட்டும், தட்டுக்கு அடியில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். மேலே தெளித்து, மூடுபனியும் சேர்ந்தால் நாற்றழுகல் வந்துவிடும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுத்து, நூலாக இளைத்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். சாய்ந்ததைப் பிடுங்கி எறியுங்கள். மற்றவற்றுக்கு அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாப் பொடியான சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து ஊற்றலாம்.

4. நாலைந்து இலை விட்டதும் ஒரு வாரம் பகலில் வெளியே, ராத்திரி உள்ளே. அப்புறம் ஒரு சாயங்காலம் பார்த்து நடுங்கள். பாத்தியில் டோலமைட்டை (சுண்ணாம்பு வகைக் கல்தூள், புளிப்பைக் குறைக்கும்) முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும், நம் மலை மண்ணில் அமிலம் அதிகம். வேலி? காட்டெருமை உள்ளே வர நினைத்தால் எந்த வேலியும் சும்மாதான்.

பீன்ஸ், சுக்கினி, கேரட்டுக்கு நாற்று வேண்டாம், பாத்தியிலேயே விதையுங்கள். கேரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கவைத்துப் போகும்.

பின்குறிப்பு: ஊட்டியைவிடத் தாழ்வாக, சூடாக இருக்கும் கூடலூர்க்காரர்களுக்கு ஃபிரிட்ஜ் வித்தை தேவையில்லை, அங்கே தாழ்வாரமே போதும். பீன்ஸ் விதையை ராத்திரி முழுக்க ஊறவைக்கலாமா என்று கொடைக்கானலிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஊறிய விதை குளிர்ந்த மண்ணில் முளைப்பதற்குள் அழுகிவிடும். உலர்ந்த விதையையே போடுங்கள்.